பேரும் ஊரும் கொடுத்தால் வாசலையே கொடுத்த மாதிரி

என் புகைப்படத்தில் ஒரு தப்பும் இல்லை. மெரூன் பட்டுப்புடவை, பின்னால் எங்கள் வீட்டுச் சிவப்புக் கதவு, பக்கத்தில் துளசித் தொட்டி. எழுத்தாளர் குழுவின் ஆண்டு மலருக்கு "உங்களைப் பத்தி நாலு வரி, ஒரு போட்டோ அனுப்பும்மா" என்று குழுவை நடத்தும் அக்கா கேட்டார். ஐந்து வருஷம் புனைபெயரில் தொடர்கதை எழுதியவளுக்கு அன்றைக்கு என்ன ஆசையோ, கணவர் பெயரோடு சேர்த்து என் முழுப்பெயர், ஊர் டெக்சஸின் ரவுண்ட் ராக், மகன் பெயர், அவன் மூன்றாம் வகுப்பு என்பது வரை எழுதி அனுப்பினேன்.

ஆறு வாரம் கழித்து ஒரு சனிக்கிழமை காலை அழைப்பு மணி அடித்தது. மதுரையிலிருந்து வந்திருந்த அம்மாதான் கதவைத் திறந்தார். ஐம்பது வயது மதிக்கத்தக்க ஒருவர், கையில் ரவுண்ட் ராக் டோனட்ஸ் பெட்டியோடு நின்றாராம். "போட்டோல பாத்த அதே செவப்புக் கதவு!" என்று அவர் தமிழில் சொன்னதும் அம்மாவுக்கு அது போதும். "உள்ள வாங்க தம்பி, எந்த ஊரு?" நான் மாடியிலிருந்து இறங்கியபோது அவர் கையில் காபி டம்ளர். டாலஸ் பக்கமிருந்து ஐ-35-இல் மூன்று மணி நேரம் ஓட்டி வந்திருக்கிறார். வந்த காரியம், என் கதாநாயகி விவாகரத்து வாங்கியது தப்பு, கடைசி அத்தியாயத்தில் புருஷனோடு சேர்த்துவைக்க வேண்டும்.

விலாசம் எப்படிக் கிடைத்தது என்று கேட்டேன். கூச்சமே இல்லாமல் சொன்னார்: "வில்லியம்சன் கவுண்டி அப்ரைசல் டிஸ்ட்ரிக்ட்ல உங்க பேரைப் போட்டேன் மேடம்."

என் பெரிய தப்பு, இதை யோசிக்காததுதான். மாநில வருமான வரி இல்லாத டெக்சஸில் சொத்து வரிதான் கழுத்தை நெரிக்கும். அதற்கான வீட்டு மதிப்பீடு பொது ஆவணம். அந்த அப்ரைசல் டிஸ்ட்ரிக்ட் இணையதளத்தில் உரிமையாளர் பெயரைத் தட்டினால் விலாசம், சதுர அடி, கட்டிய வருஷம், மதிப்பு எல்லாம் வந்து விழும். வருஷா வருஷம் மே 15-க்குள் மதிப்பீட்டை எதிர்த்து ப்ரோட்டஸ்ட் போட நாமே அங்கேதான் போய் நிற்கிறோம். தோழிகள் வீடு எத்தனை சதுர அடி என்று நானே அங்கே எட்டிப் பார்த்தவள். அதே ஜன்னல் வழியாக என் வீடும் தெரியும் என்று தோன்றவே இல்லை. மயிலாப்பூர் என்று போட்டால் யாரும் வாசலுக்கு வந்துவிட முடியாது. இங்கே பேரும் ஊரும் சேர்ந்தாலே விலாசம். சந்தேகம் இருந்தால் தீர்த்துவைக்கத்தான் சிவப்புக் கதவு இருக்கிறதே.

அந்த வாசகர் இன்னும் இரண்டு தடவை வந்தார். மூன்றாவது தடவை, பள்ளிப் பேருந்திலிருந்து இறங்கிய என் மகனைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டார். அன்றைக்குத்தான் போலீஸைக் கூப்பிட்டேன். இனி அங்கே கால் வைத்தால் அத்துமீறல் வழக்கு என்று போலீஸ் அதிகாரி போனில் எச்சரித்த பிறகு நின்றது.

மலரிலிருந்து என் படத்தையும் குறிப்பையும் எடுக்கச் சொன்னதற்கு அக்கா மூன்று வாரம் இழுத்தார். "ஒரு வாசகர் பாசமா வந்ததுக்கு இவ்ளோ ஆர்ப்பாட்டமா? மூஞ்சியக் காட்டாம எழுதறது கோழைத்தனம்மா" என்றார். எஸ். ரங்கராஜன் மனைவி பெயரை வாங்கிக்கொண்டு சுஜாதா ஆனாரே, சி.எஸ். லட்சுமி அம்பை ஆனாரே, புகுந்த வீட்டுக்குத் தெரியாமல் சல்மா என்ற பெயரில் ஒருவர் கவிதை எழுதினாரே, அவர்களெல்லாம் கோழைகளா என்று கேட்டேன். பதில் வரவில்லை. மலரின் பிடிஎஃப் மட்டும் குழு குழுவாகப் போய்க்கொண்டே இருந்தது.

ஆகவே, எழுதும் தோழிகளே, புனைபெயர் வைத்தால் கடைசிவரை புனைபெயர்தான். ஊர் கேட்டால் 'டெக்சஸ்' போதும். பிள்ளைகள் பெயர், வகுப்பு, பள்ளிப் பெயர் போட்ட டீ-ஷர்ட் வேண்டவே வேண்டாம். வாசலில் நின்று படம் எடுக்காதீர்கள். மார்ச் கடைசியில் ப்ளூபானெட் பூக்கும்போது எப்படியும் புடவை கட்டிக்கொண்டு படம் எடுக்கப் போவீர்கள், அந்தப் படம் போதும், அந்தப் பூவுக்கு விலாசம் கிடையாது. ஈமெயிலில் படம் அனுப்பும்முன் இடக்குறிப்பை எடுத்துவிடுங்கள். ஐபோனில் ஷேர் பட்டனைத் தட்டினால் மேலே 'ஆப்ஷன்ஸ்' என்று இருக்கும், அதில் அணைக்கலாம். வாட்ஸாப்பில் டாக்குமென்டாக அனுப்பினாலும் இடக்குறிப்பு கூடவே போகும். மதிப்பீட்டுப் பட்டியலில் விலாசத்தை மறைக்கலாமா என்றால், சட்டம் நீதிபதிகள், போலீஸ்காரர்கள், குடும்ப வன்முறைக்கு ஆளானவர்கள் என்று ஒரு வரிசை வைத்திருக்கிறது. அதில் தொடர்கதை எழுதுகிறவர்கள் இல்லை.

"நான் அப்பவே சொன்னேன்ல" என்கிறார் கணவர். அவர் அப்போது சொன்னது, "போட்டோல கொஞ்சம் சிரிச்சிருக்கலாம்."

கதவுக்குச் சாம்பல் நிறம் அடித்தாகிவிட்டது. கதாநாயகியைப் புருஷனோடு சேர்க்கவில்லை. அந்த விஷயத்தில் மட்டும் நான் அசையவில்லை. அம்மா இப்போது மணி அடித்தால் முதலில் என்னைக் கூப்பிடுகிறார். போன மாதம் பார்த்தேன், மலரில் அக்காவின் படம் இருந்த இடத்தில் ஒரு செம்பருத்திப் பூ. என்ன ஆச்சு என்று நான் கேட்கவில்லை.