அப்பாரு விட்டுப்போன துப்பாக்கி

பொள்ளாச்சிப் பக்கமிருந்து எழுதிய வாசகருக்கு,

அப்பாரு காலத்து மருந்து கெட்டிக்கும் ஒற்றைக்குழல் அட்டாலியில் கிடக்கிறது, அதோடு இன்னும் நாலைந்து பழைய துப்பாக்கிகளும் பட்டாளம் கழித்த ரைபிள் ஒன்றும் சேர்க்க ஆசை, கலெக்டர் ஆபீஸில் சேகரிப்பு லைசென்ஸ் தருவார்களா என்று கேட்டிருந்தீர்கள்.

அமெரிக்காவில் 50 வயது கடந்த துப்பாக்கிகளைச் சேர்ப்பவர்களுக்கென்றே தனி லைசென்ஸ் உண்டு. இங்கே எல்லாம் 1959-ஆம் ஆண்டின் ஆயுதச் சட்டப்படிதான். 2019 டிசம்பர் திருத்தத்துக்குப் பிறகு ஒருவர் லைசென்ஸில் இரண்டு துப்பாக்கிதான், முன்பு மூன்று. மசோதாவில் ஒன்றுதான் இருந்தது, எம்.பி.க்கள் எதிர்த்ததால் இரண்டானது. வாரிசாக வருவதும் இந்த எண்ணிக்கையில் சேரும். பட்டாளத்து 303 ரைபிள் தடை செய்யப்பட்ட வகை. அந்த ஆசையை விட்டுவிடுங்கள்.

பழம்பொருளுக்குச் சலுகை இருக்கிறதே என்பீர்கள். இருக்கிறது. 2020 பிப்ரவரியில் உள்துறை அமைச்சகம் விதியைத் திருத்தி, 'கியூரியோ' வகைத் துப்பாக்கியை இந்தியக் குடிமக்கள் லைசென்ஸ் இல்லாமல் வைத்துக்கொள்ளலாம் என்றது. சுடவோ வெளியே எடுத்துப்போகவோ லைசென்ஸ் வேண்டும். ஆயுதச் சட்டத்தின் 45-ஆம் பிரிவும் பழமையான ஆயுதங்களுக்கு விலக்குத் தருகிறது. ஆனால் அதில் ஒரு நிபந்தனை: பழுது பார்த்தாலும் சுட முடியாததாக இருக்க வேண்டும். பலரும் பழமை என்ற இடத்திலேயே படிப்பதை நிறுத்திவிடுகிறார்கள். உங்கள் ஒற்றைக்குழலைக் கைதேர்ந்த ஆசாரி ஒருவர் சரிசெய்துவிடலாம். காட்டுப்பன்றி இறங்கும் ஆனைமலை அடிவாரத்தில் அதைக் கியூரியோ என்றால் எந்த இன்ஸ்பெக்டர் நம்புவார்? பயிர்க்காவலுக்கு லைசென்ஸ் தரலாம் என்று சட்டமே பெயர் சொல்லிக் குறிப்பிடுவது இந்த வகைத் துப்பாக்கியைத்தான்.

எனவே அப்பாரு பேரில் லைசென்ஸ் இருந்ததா என்று பத்திரப் பெட்டியைத் தேடுங்கள். இருந்தால், 2016 விதிகளின்படி வாரிசாக விண்ணப்பிக்கலாம். இறப்புச் சான்று, வாரிசுச் சான்று, மற்ற வாரிசுகளின் சம்மதம் எல்லாம் வேண்டும். போலீஸ் விசாரணையைவிட அத்தைமார்களிடம் கையெழுத்து வாங்குவதுதான் சிரமம் என்பது என் கணிப்பு! லைசென்ஸ் கைக்கு வரும்வரை துப்பாக்கி வீட்டில் இருக்கக் கூடாது. ஸ்டேஷனிலோ லைசென்ஸ் பெற்ற ஆயுத வியாபாரியிடமோ ஒப்படைத்து ரசீது வாங்க வேண்டும்.

லைசென்ஸே இல்லாமல் வைத்திருந்தார் என்றால் முதலில் வக்கீலைப் பாருங்கள். காரில் போட்டுக்கொண்டு நீங்களாகக் கிளம்ப வேண்டாம், கிணற்றில் வீசவும் வேண்டாம். லைசென்ஸ் இல்லாத துப்பாக்கிக்கு இப்போது 2 முதல் 5 ஆண்டு வரை சிறை.

அதே அட்டாலியில் மான் கொம்பு கிடந்தால் அதுவும் வில்லங்கம்தான். 1972 வனவிலங்குச் சட்டம் அதற்கும் உரிமைச் சான்று கேட்கிறது.

பழந்துப்பாக்கிகளைக் கண்ணாரப் பார்க்க எழும்பூர் அருங்காட்சியகம் போய்வாருங்கள். தஞ்சை அரண்மனை ஆயுதங்கள் அங்கே இருக்கின்றன. சேகரிக்கத்தான் வேண்டுமென்றால் காலாவதியான லைசென்ஸ் புத்தகங்களையும் வேட்டைக்காலப் புகைப்படங்களையும் சேருங்கள். நம் பக்கத்தில் அவற்றைப் பழைய பேப்பர்காரரிடம் போட்டுக்கொண்டிருக்கிறார்கள். துப்பாக்கியைவிட ஊர்க்கதை அவற்றில்தான் அதிகம்.

அப்பாருவின் லைசென்ஸ் புத்தகம் கிடைத்தால் அது எந்த ஆண்டில் கொடுத்தது என்று எனக்கு எழுதுங்கள்.

அன்புடன்,
கோவையிலிருந்து