கன்று இல்லாமல் பால் இல்லை



மாசி மகத்தன்று மலாக்கா, செங் சன்னாசிமலை ஆண்டவர் கோயிலுக்குப் பால்குடம் எடுப்பவர்களில் நம் இளைஞர்களும் உண்டு. குடத்தில் உள்ள பால் எப்படி உண்டாகிறது என்று கேட்டால், "மாடு புல்லு தின்னுது, பால் குடுக்குது" என்போம். அது பாதிப் பதில்தான். மீதிப் பாதியை இன்று படிப்போம்.

1. தோட்டத்து மாடு

ரப்பர் காலத்தில் நம் தோட்டங்களில் லயத்து வீடுகளுக்குப் பின்னால் மாட்டுக் கொட்டகை இருப்பது சாதாரணம். மாட்டுப் பாலைக் கறந்து வைத்துவிட்டு, மரத்துப் பால் வெட்டக் கிளம்பிய குடும்பங்கள் உண்டு. ஜாசின், அலோர் காஜா பக்கத்துத் தாத்தா பாட்டிகளைக் கேட்டுப் பாருங்கள், கதை கதையாகச் சொல்வார்கள். இந்தியர்கள் வளர்த்த அந்த மாட்டுக்குக் கால்நடைத் துறையினர் வைத்த பெயரே 'உள்ளூர் இந்தியக் கறவை மாடு' என்பதுதான். பிறகு, அதிகப் பால் தரும் பிரீசியன் இனத்தையும் வெயில் தாங்கும் பஞ்சாப் சாஹிவால் இனத்தையும் கலந்து 'மஃப்ரிவால்' என்ற இனத்தை நம் நாட்டில் உருவாக்கினார்கள்.

2. புல் பாலாவது எப்படி?

மாட்டுக்கு நாலு வயிறு என்பாங்க. உண்மையில் வயிறு ஒன்றுதான், அறைகள் நான்கு. முதல் அறையில் கோடானுகோடி நுண்ணுயிர்கள் வாழ்கின்றன. நம்மால் செரிக்க முடியாத புல்லின் நாரை அவைதாம் உடைக்கின்றன. மாடு படுத்துக்கொண்டு அசைபோடுவது அந்த வேலைக்குத் துணை. சத்து இரத்தத்தில் கலந்து மடிக்குப் போகிறது. ஒரு லிட்டர் பால் சுரக்க, சுமார் 400 முதல் 500 லிட்டர் இரத்தம் மடி வழியாக ஓட வேண்டும். பசும்பாலில் ஏறக்குறைய 87 விழுக்காடு தண்ணீர். ஆகவே, குடிக்கத் தண்ணீர் குறைந்தால் பாலும் குறையும்.

3. கன்றின் பங்கு

கன்று ஈனாத பசுவுக்குப் பால் இல்லை. சுமார் 280 நாள் சினைக்குப் பிறகே மடி சுரக்கிறது. முதலில் வருவது சீம்பால். நோய் எதிர்ப்புச் சக்தி ஏறக்குறைய இல்லாமலே பிறக்கும் கன்றுக்கு அதைக் கொடுப்பது சீம்பால்தான். முதல் சில மணி நேரத்திலேயே அதை ஊட்ட வேண்டும். ஒரு நாள் கடந்துவிட்டால், அந்தச் சக்தியைக் கன்றின் குடல் ஏற்றுக்கொள்ளாது.

கறப்பதற்கு முன் கன்றை ஊட்ட விடுவது பெரியவர்கள் வழக்கம். இதில் அறிவியல் இருக்கிறது. கன்று முட்டியதும் பசுவின் மூளையிலிருந்து ஆக்சிடோசின் என்ற இயக்குநீர் கிளம்பி, மடியிலுள்ள பாலை இறக்குகிறது. அதன் வேலை சில நிமிடங்களே. பசுவை அடித்தாலோ மிரட்டினாலோ பால் இறங்காது. "மாடு பாலை அடக்கிக்கிச்சு" என்பது இதைத்தான்.

ஒட்டக் கறந்தால் கன்று மெலியும். காளைக் கன்றோ பால் தராது. அதனால் பல பண்ணைகளில் சிறு வயதிலேயே விற்றுவிடுகிறார்கள். மாட்டுப் பொங்கலில் மாலை போடும் நாம், இதையும் தெரிந்துகொண்டு பேச வேண்டும்.

4. ஒரு பால், பல பண்டம்

உறை ஊற்றினால், அதிலுள்ள நுண்ணுயிர்கள் பாலின் சர்க்கரையைப் புளிப்பாக மாற்றுகின்றன. புளிப்பில் புரதம் திரண்டு தயிராகிறது. தயிரைக் கடைந்தால் கொழுப்பு ஒன்றுசேர்ந்து வெண்ணெய், மிஞ்சுவது மோர். வெண்ணெயை உருக்கித் தண்ணீரைப் போக்கினால் நெய். தண்ணீர் இல்லாததால் அது நாள்பட இருக்கும். 4 விழுக்காடு கொழுப்புள்ள பாலில் ஒரு கிலோ நெய் எடுக்கச் சுமார் 25 லிட்டர் வேண்டும். நெய் விளக்கு ஏற்றும்போது இந்தக் கணக்கு நினைவிருக்கட்டும்.

கடையில் டின் வாங்கும்போது 'சூசூ' என்றிருக்கிறதா, 'கிரிமர்' என்றிருக்கிறதா என்று பாருங்கள். நம் நாட்டுக் கிரிமரில் பெரும்பாலும் பால் கொழுப்புக்குப் பதில் செம்பனை எண்ணெய் இருக்கும்.

5. நாம் செய்யக்கூடியது

தோட்டங்கள் துண்டாடப்பட்டு, மக்கள் பட்டணத்துக்கு வந்ததும் மேய்ச்சல் நிலம் சுருங்கியது. ஆனாலும் மாடு வளர்ப்பவர்கள் இன்னும் இருக்கிறார்கள். அடுத்த திருவிழாவுக்கு, பால்குடத்துக்கு வேண்டிய பாலை அவர்களிடம் முன்கூட்டியே சொல்லி வாங்குவோம். குடிப்பதற்கு என்றால் கட்டாயம் காய்ச்ச வேண்டும். பச்சைப் பாலில் காசநோய்க் கிருமிகூட இருக்கலாம். வாங்கப் போகும்போது, "கன்னுக்குட்டி நல்லா இருக்காண்ணே?" என்று ஒரு வார்த்தை கேளுங்கள். கன்றுக்கு மிச்சம் வைத்துக் கறப்பவரிடம் நாலு காசு அதிகம் கொடுத்தாலும் தப்பில்லை.

சிந்திக்க:

1. கன்றை முதலில் ஊட்ட விட்டால் பால் நன்றாக இறங்குவது ஏன்?
2. உங்கள் குடும்பத்தில் மாடு வளர்த்தவர் யார்? அவரிடம் கேட்டு எழுதி வாருங்கள்.
3. காளைக் கன்றுகளுக்கு நம் இளைஞர்கள் என்ன செய்யலாம்? அடுத்த கூட்டத்தில் பேசுவோம்.