பெயர் பொருந்தினால் போதுமா?

மாணவர்களே! ‘பொன்’, ‘குடம்’ என்னும் இரு சொற்கள் சேர்ந்து ‘பொற்குடம்’ என்றாகும். நிலைமொழியும் வருமொழியும் கூடும் இடத்தில் எழுத்துகள் தோன்றும், திரியும், கெடும். இதனைப் புணர்ச்சி என்பர். கணினி நிரல்களும் ஒன்றோடொன்று சேர்கின்றன. ஆனால் அங்கே பெயரில் ஓர் எழுத்து திரிந்தாலும் சேர்க்கை நிகழாது.

நாம் எழுதும் நிரலைக் கணினி இயக்கவல்ல குறிமுறையாக மாற்றுவது தொகுப்பி. இதனைக் கம்பைலர் என்றும் வழங்குவர். அது ஆக்கித் தருவது இலக்குக் கோப்பு. ஒரு கோப்பிலுள்ள நிரல், வேறொரு கோப்பிலுள்ள செயற்கூற்றைப் பெயர் சொல்லி அழைக்கலாம். அழைக்கும் பெயரையும் அதற்குரிய செயற்கூற்றையும் தேடிப் பொருத்துவது லிங்கர் எனப்படும் இணைப்பி. கோப்புகள் ஒரே வகைக் கணினிக்கு உரியனவாயின், அவை எம்மொழியில் எழுதப்பட்டன என்று அது வினவுவதில்லை.

முதல் இடர் பெயரில் எழுகிறது. லினக்ஸ் கணினியில் சி மொழித் தொகுப்பி செயற்கூற்றின் பெயரை மாற்றுவதில்லை. ஜிஃபோர்ட்ரான் தொகுப்பி வழக்கமாகப் பெயரின் இறுதியில் ஓர் அடிக்கோட்டைச் சேர்க்கும். சி++ தொகுப்பியோ உள்ளீடுகளின் வகைகளையும் பெயருக்குள் பொதிந்துவிடும். பெயர் பொருந்தாவிடில் இணைப்பி பிழை காட்டி நின்றுவிடும். இதனைத் தவிர்க்க, சி++ நிரலில் ‘எக்ஸ்டெர்ன் சி’ என்று அறிவிப்பர். ஃபோர்ட்ரான் மொழியும் தனது 2003ஆம் ஆண்டுத் தரநிலையில் சி மொழியோடு இணைவதற்கான விதிகளை வகுத்துக்கொண்டது.

இரண்டாம் இடர் ஓசையின்றி வரும். முதற்கிடைவரிசையில் 1, 2 என்றும், அடுத்ததில் 3, 4 என்றும் எண்களைக் கொண்ட ஓர் அணியைக் கருதுக. சி மொழி அதனைக் கிடைவரிசைப்படி 1, 2, 3, 4 என நினைவகத்தில் வைக்கும். ஃபோர்ட்ரான் நெடுவரிசைப்படி 1, 3, 2, 4 என வைக்கும். சி நிரல் தன் அணியை அப்படியே ஃபோர்ட்ரான் செயற்கூற்றிடம் கொடுத்தால், கிடைவரிசைகள் நெடுவரிசைகளாகிவிடும். பெயர் பொருந்தியதால் இணைப்பி பிழை எதுவும் காட்டாது, நிரலும் இயங்கும், விடை மட்டும் தவறாகலாம்.

இத்துணை இடரிருந்தும் பல மொழி நிரல்களை ஏன் இணைக்க வேண்டும்? லாபேக் என்னும் கணித நூலகம் 1992இல் வெளிவந்தது. ஃபோர்ட்ரானில் எழுதப்பட்ட அந்நூலகம் பல்லாண்டுகளாகச் சோதித்துச் செம்மை செய்யப்பட்டது. நீங்கள் கற்கும் பைத்தான் மொழியின் சைபை நூலகம் அதன் செயற்கூறுகளை அழைத்துப் பயன்படுத்துகிறது. முன்னோர் உழைப்பை மீண்டும் எழுதாமல் பயன்கொள்ள இணைப்பே வழி. ஆதலின், இணைக்கும் முன் பெயர், தரவைக் கொடுக்கும் முறை, அதனை அடுக்கும் முறை ஆகிய மூன்றிலும் உடன்பாடு வேண்டும். இணைத்த பின், விடை தெரிந்த சிறு கணக்கொன்றைத் தந்து சோதித்தலும் வேண்டும்.

அருஞ்சொற்பொருள்

இடர் – துன்பம், தடை
பொதிதல் – உள்ளடக்குதல்
செம்மை – சீர், திருத்தம்
உடன்பாடு – இசைவு

பயிற்சி

1. சேர்த்து எழுதுக: மண் + குடம், பொன் + தாமரை, மரம் + வேர்.
2. இணைப்பியின் பணி யாது?
3. பெயர் பொருந்தாத பிழை, அடுக்குமுறை பொருந்தாத பிழை ஆகிய இரண்டனுள் கண்டறிய அரியது எது? காரணம் கூறுக.
4. 5, 6 என்னும் கிடைவரிசையும் 7, 8 என்னும் கிடைவரிசையும் உடைய அணியை ஃபோர்ட்ரான் எவ்வரிசையில் நினைவகத்தில் வைக்கும்?