சலாபத்தில் இறந்தவரை எங்கே தேடுவது?

கேள்வி: என் பாட்டியின் தகப்பனார் முத்துச் சலாபத்துக்குக் குளிக்கப் போன இடத்தில் வாந்திபேதி கண்டு இறந்துபோனார் என்று வீட்டில் சொல்வார்கள். அதைத் தேடி எழுத ஆசை. இப்படிப்பட்ட பழைய ஆவணங்களெல்லாம் லண்டனில் உள்ள மருத்துவ வரலாற்று நூலகத்தில்தான் இருக்கும் என்கிறார் நண்பர் ஒருவர். அங்கே போனால்தான் முடியுமா?
- ஒரு வாசகி, மாப்பிள்ளையூரணி

பதில்: அருமையான தேடல், சகோதரி. உங்கள் நண்பர் சொல்வது வெல்கம் நூலகமாக இருக்க வேண்டும். மருந்து வணிகத்தில் பெரும்பொருள் ஈட்டிய ஹென்றி வெல்கம் (1853-1936) திரட்டிய செல்வம் அது. அவருடைய முகவர் பைரா மால் 1911 முதல் பத்தாண்டு காலம் இந்தியாவில் சுவடிகள் வாங்கி அனுப்பினார். நம் வைத்தியச் சுவடிகளைப் படிக்க அது நல்ல இடம். சலாபத்துச் சாவை, அதாவது முத்துக்குளிப்பில் நேர்ந்த சாவைத் தேட அது முதல் இடமல்ல.

நூலகத்தில் புத்தகங்களைப் பொருள் பார்த்து அடுக்குவார்கள். வாந்திபேதி, அதாவது காலரா என்றால் மருத்துவ அலமாரி. ஆவணக்காப்பகத்தில் அப்படி இல்லை. அங்கே 'மூல ஒழுங்கு' என்று ஒரு விதி உண்டு. ஒரு கோப்பு எந்த அலுவலகத்தில் பிறந்ததோ, அந்த அலுவலகத்தின் வரிசையைக் கலைக்காமல் அப்படியே வைப்பார்கள் என்று பொருள். முத்துக்குளிப்பு அரசுக்கு வருமானம் தந்த தொழில். எடுத்த சிப்பியில் பெரும்பங்கு அரசுக்கே போனது. எனவே கரையில் நோய் பரவினால், அந்தச் செய்தி கலெக்டரின் கடிதமாக வருவாய்த் துறைக் கோப்புக்குள் போய் உட்கார்ந்திருக்க வாய்ப்பு அதிகம். 'மருத்துவம்' என்று மட்டும் தேடுகிறவர் கண்ணில் அது படாது.

அந்தக் கோப்புகள் சென்னை எழும்பூரில், தமிழ்நாடு ஆவணக்காப்பகத்தில் இருக்கின்றன. வெள்ளைக்காரர் எல்லாவற்றையும் கப்பலில் ஏற்றிப் போய்விட்டார் என்ற எண்ணம் பலருக்கு உண்டு. அது சரியல்ல. சென்னை அரசின் நடவடிக்கைக் குறிப்புகளுக்குப் பிரதி எடுத்துத்தான் லண்டனுக்கு அனுப்பினார்கள். அவை இன்று பிரிட்டிஷ் நூலகத்தில் உள்ளன.

எழும்பூருக்குப் போகும்முன் ஆண்டைக் கண்டுபிடியுங்கள். இதில் உங்கள் கடலே உங்களுக்குத் துணை. பார், அதாவது முத்துச்சிப்பி படியும் கடலடிப் பாறைத்தளம், செழிக்கும் காலத்தில்தான் சலாபம் கூடும். தூத்துக்குடிப் பக்கம் 1889-90, 1926-28 என்று எப்போதாவதுதான் நடந்தது. கடைசிச் சலாபங்கள் 1955 முதல் 1961 வரை. உங்கள் வீட்டுப் பேச்சில் மரிச்சுக்கட்டி, சிலாவத்துறை போன்ற பெயர் வருகிறதா? அவை இலங்கையின் மன்னார்க் கரை. அங்கே 1903 முதல் 1907 வரை ஆண்டு தவறாமல் குளித்தார்கள், நம் கரையிலிருந்தும் தோணி கட்டிப் போனார்கள். அப்படியானால் நீங்கள் தேட வேண்டியது கொழும்பிலுள்ள தேசிய சுவடிகள் கூடத்தில். எந்தக் கரை என்ற இந்த ஒரு விவரம் தெரிந்தால் பாதி வேலை முடிந்த மாதிரி.

ஆண்டு கிடைத்ததும் அந்த ஆண்டின் அரசாணை அட்டவணையைக் கேளுங்கள். தூத்துக்குடி தனி மாவட்டமானது 1986-ல்தான். ஆகவே திருநெல்வேலியின் கீழ், 'டின்னவெல்லி' என்ற பழைய ஆங்கில எழுத்துக்கூட்டலில் பாருங்கள். அடையாள அட்டையும் பென்சிலும் கொண்டு போங்கள். பழைய தாள்களின் அருகே பேனாவை அனுமதிக்க மாட்டார்கள்.

வீட்டிலிருந்தே காசில்லாமல் படிக்கக்கூடியவையும் உண்டு. பிரிட்டிஷ் இந்தியாவின் நோய், தடுப்பூசி அறிக்கைகள் பலவற்றை ஸ்காட்லாந்து தேசிய நூலகம் இணையத்தில் வைத்திருக்கிறது. 1866-ல் கல்கத்தாவில் தொடங்கிய 'இந்தியன் மெடிக்கல் கெஜட்' இதழ்களும் இணையத்தில் கிடைக்கின்றன. 1889 சலாபத்தை நேரில் பார்த்த எட்கர் தர்ஸ்டன், சென்னை அருங்காட்சியகத்தின் தலைவர், மருத்துவம் படித்தவர். அவருடைய குறிப்புகளை அவசியம் படியுங்கள். முத்தெடுக்கச் சிப்பியை அழுகவிடுவார்கள், ஈ மொய்க்கும், கொட்டகைகளில் கூட்டம் நெருக்கும். அந்தக் கரை எப்படி இருந்தது என்று தெரிந்தால்தான் நோயும் புரியும்.

இந்த அறிக்கைகளைப் படிக்கையில் ஒரு எச்சரிக்கை தேவை. காலராக் கிருமியை ராபர்ட் கோக் கல்கத்தாவில் உறுதிசெய்தது 1884-ல். அதற்கு முந்தைய அறிக்கைகள் மட்டுமல்ல, பின்னால் வந்த சிலவும் கெட்ட காற்றைக் குற்றம் சொல்லும். அவர்கள் சொல்லும் காரணத்தை விட்டுவிட்டு, குடிதண்ணீர் எங்கிருந்து வந்தது என்று எழுதியிருக்கிறார்களா என்று பாருங்கள்.

இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். இந்த அறிக்கைகளில் பெரும்பாலும் எண்ணிக்கை இருக்கும், பெயர் இருக்காது. இத்தனை பேர் செத்தார்கள் என்று எழுதினார்களே தவிர, குளியாளர் யார் எவர் என்று எழுத மெனக்கெடவில்லை. அது எனக்கு இன்றும் வருத்தம்தான். உங்கள் குடும்பம் கத்தோலிக்கக் குடும்பமானால், பங்குக் கோயிலின் அடக்கப் பதிவேட்டில் பெயரும் நாளும் இருக்கக்கூடும். பங்குத் தந்தையிடம் முறையாகக் கேட்டுப் பாருங்கள்.

அதற்கும் முன்னால், வீட்டில் மூத்தவர்கள் இருக்கும்போதே உட்கார வைத்து, எந்தக் கரை, எந்தச் சலாபம் என்று கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். பிறகு எழும்பூருக்கு டிக்கெட் எடுங்கள். லண்டனுக்கு இப்போதைக்கு வேண்டாம்.