ரிப்போர்ட் நார்மல், தம்பி மட்டும் ஏன் வீட்டில்?

அன்புள்ள யாழினி,

தம்பிக்கு மஜ்ஜை கொடுத்தவள் நீ. கேட்க உனக்கு உரிமை உண்டு. "அவன் உடம்பில் ஓடுவது இப்போது என் ரத்தம்தானே அத்தை? எனக்குச் சின்னம்மை வந்து போய்விட்டது, தடுப்பூசியும் எல்லாம் போட்டாயிற்று. அவனுக்கு எதற்கு மறுபடி முதலிலிருந்து ஊசி?" என்று கேட்டிருக்கிறாய்.

ரத்தம் உன்னுடையதுதான். அவனுடைய ரத்தப் பிரிவே உன் பிரிவாக மாறியிருக்கிறது, தலசீமியாவும் விட்டுவிட்டது. ஆனால் நீ கொடுத்த ஸ்டெம் செல்லுக்குப் புது அணுக்களை உண்டாக்கத்தான் தெரியும். உனக்கு அம்மை வந்ததெல்லாம் அதற்குத் தெரியாது. அந்த ஞாபகம் லிம்போசைட்டு என்ற வெள்ளையணுக்களில், முதிர்ந்தவற்றில் இருக்கிறது. அவற்றில் கொஞ்சம் மஜ்ஜையோடு போயிருக்கும், ஆனால் நம்பி இருக்கிற அளவுக்குக் காணாது. அவனிடம் முன்பு இருந்ததையோ, மஜ்ஜை மாற்று சிகிச்சைக்கு முன் கொடுத்த கடுமையான மருந்துகள் பெரும்பாலும் அழித்துவிட்டன.

நீ அனுப்பிய ரிப்போர்ட்டைப் பார்த்தேன். வெள்ளையணு 6,100, பிளேட்லெட்டும் நார்மல். எல்லோரும் அந்த வரியோடு நின்றுவிடுகிறார்கள். அடுத்த தாளைப் புரட்டு: சிடி4 செல் 170தான், மிகக் குறைவு. விஷயம் அங்கேதான் இருக்கிறது.

எல்லா அணுவும் ஒரே நேரத்தில் திரும்பாது. முதலில் வருவது நியூட்ரோஃபில் என்ற வெள்ளையணு. அது 500-ஐத் தொட்டு மூன்று நாள் தொடர்ந்து நின்றால் மஜ்ஜை பிடித்துவிட்டது என்பார்கள். பெரும்பாலும் இரண்டு முதல் நான்கு வாரத்துக்குள் இது நடந்துவிடும். நீங்கள் இனிப்பு கொடுத்தீர்களே, அன்றைக்கு நடந்தது இதுதான். நோயை எதிர்க்கும் புரதங்களைச் சுரக்கும் பி செல் வர ஆறு மாதம், ஒரு வருடம், சிலருக்கு இரண்டு வருடம்கூட ஆகும். கடைசியாக வந்து சேர்வது சிடி4 வகை டி செல்.

அதற்கு ஏன் இத்தனை தாமதம்? டி செல் மஜ்ஜையில் பிறந்தாலும், நெஞ்செலும்புக்குப் பின்னால் உள்ள தைமஸ் சுரப்பியில் தேறி வர வேண்டும். தைமஸ் கண்டிப்பான பள்ளிக்கூடம்: சொந்த உடம்பைத் தாக்கக்கூடியதையும் உதவாததையும் கழித்துவிடும், நூற்றுக்குத் தொண்ணூறுக்கு மேல் அங்கேயே முடிந்துபோகும். முன்பு கொடுத்த மருந்துகள் தைமஸையும் அடித்துப்போட்டிருக்கின்றன. வயது ஏற ஏற அது சுருங்கியும் போகும். ஆகவே நாற்பது வயதுக்காரரைவிட உன் தம்பிக்கு வாய்ப்பு நல்லது. உன் செல்கள் அவன் உடம்பை அந்நியம் என்று தாக்கினால் மீட்சி இன்னும் தள்ளிப்போகும். அதைத் தடுக்கத்தான் சைக்ளோஸ்போரின். அதுவும் டி செல்லை அடக்கும் மருந்துதான், வேறு வழியில்லை.

இந்த இடைவெளியில் பழைய வைரஸ்கள் தலைதூக்கும். எப்போதோ வந்த சின்னம்மைக் கிருமி நரம்பில் பதுங்கியிருந்து அக்கியாக வெளிவரும். ஒரு வருடமோ அதற்கு மேலோ அசைக்ளோவிர் தருவது அதற்காக. "நன்றாகத்தானே இருக்கிறான்" என்று நீங்களாக நிறுத்திவிடாதீர்கள்.

உன்னைப் போன்ற அக்காக்கள் முன்பும் இருந்தார்கள். 1968-இல் அமெரிக்காவின் மின்னசோட்டாவில் ராபர்ட் குட் குழுவினர், பிறவியிலேயே எதிர்ப்புச் சக்தி இல்லாத ஐந்து மாதக் குழந்தைக்கு அவன் அக்காவின் மஜ்ஜையைச் செலுத்திக் காப்பாற்றினார்கள். நம் வேலூர் சி.எம்.சி.யில் இந்தச் சிகிச்சை 1986-இல் தொடங்கியது.

இனி ஊசி விஷயம். உயிரற்ற கிருமியால் செய்த தடுப்பூசிகளைப் பொதுவாக ஆறு மாதம் முதல் ஒரு வருடத்துக்குள் மறுபடி தொடங்குவார்கள். தட்டம்மை, சின்னம்மை ஊசிகளில் இருப்பது பலவீனப்படுத்திய உயிருள்ள வைரஸ். இரண்டு வருடம் முடிந்து, எதிர்ப்பை அடக்கும் மருந்தும் நின்ற பிறகே டாக்டர் யோசிப்பார். பள்ளிக்கு எப்போது அனுப்பலாம் என்பதையும் அவரே சொல்லட்டும், பக்கத்து வீட்டார் வேண்டாம்.

உங்கள் பங்கும் இருக்கிறது. நீ, அப்பா, அம்மா மூவரும் வருடா வருடம் ஃபுளூ ஊசி போட்டுக்கொள்ளுங்கள். சித்தியின் கைக்குழந்தை உங்கள் வீட்டில்தானே இருக்கிறது? போலியோ சொட்டு மருந்தில் உயிருள்ள வைரஸ் உண்டு, அது குழந்தையின் மலத்தில் பல வாரம் வெளியேறும். அடுத்த சொட்டு மருந்து முகாமுக்கு முன்பே தம்பியின் டாக்டரிடம் இதைச் சொல்லி, குழந்தைக்கு என்ன போடலாம் என்று கேட்டுவிடு.

அன்புடன்,
அத்தை