பழைய மென்பொருளும் புதிய கணினியும்

கணினியில் உள்ள படமும் ஒரு கோப்பு; மென்பொருளும் ஒரு கோப்பு. ஆனால் இரண்டுக்கும் பெரிய வேறுபாடு உண்டு. படத்தை வேறொரு மென்பொருள் திறந்து காட்டுகிறது. மென்பொருளையோ பணிசெயல் முறைமை நினைவகத்தில் ஏற்றிச் செயலியைக் கொண்டு இயக்க வேண்டும். இதனை இயக்கத்தகு கோப்பு என்கிறோம். எந்தச் செயலிக்கு உரியது, எங்கிருந்து தொடங்குவது போன்ற விபரங்கள் அதன் தலைப்பகுதியில் இருக்கும். அவற்றை எழுதும் ஒழுங்கே கோப்பின் அமைப்பு. அந்த அமைப்பு பணிசெயல் முறைமைக்குப் புரியாவிட்டால் மென்பொருள் இயங்காது.

1981 இல் வந்த டொஸ் முறைமையின் 'கொம்' கோப்புகளுக்குத் தலைப்பகுதியே கிடையாது. நிரலும் தரவும் 64 கிலோபைட்டுக்குள் அடங்க வேண்டும். அடுத்து வந்த அமைப்பின் முதல் இரண்டு எழுத்துகள் 'எம்', 'இசட்'. இவை மைக்ரோசொப்ட் பொறியியலாளர் மார்க் ஸ்பிக்கோவ்ஸ்கியின் பெயரின் முதலெழுத்துகள். 1985 இல் விண்டோஸின் முதற் பதிப்பு 16 பிட் அமைப்பொன்றைக் கொண்டுவந்தது. 1993 இல் விண்டோஸ் என்டியுடன் வந்த 'பீ ஈ' அமைப்பே இன்றும் வழக்கில் உள்ளது. இன்றைய விண்டோஸ் மென்பொருளும் அந்த 'எம்', 'இசட்' எழுத்துகளுடன்தான் தொடங்குகிறது. அதை டொஸில் இயக்கினால், இங்கே இயங்காது என்று அறிவித்து நின்றுவிடும் சிறு நிரலொன்றும் அதற்குள் உண்டு.

அப்படியானால் பழையவை எல்லாம் இன்றும் இயங்குமா? 32 பிட் மென்பொருள்களில் பெரும்பாலானவை 64 பிட் விண்டோஸிலும் இயங்கும். அதற்கென ஓர் இடைப்படை அதனுள் இருக்கிறது. ஆனால் டொஸ் மென்பொருள்களும் 16 பிட் விண்டோஸ் மென்பொருள்களும் அதில் இயங்குவதில்லை. செயலி 64 பிட் முறையில் வேலை செய்யும்போது, டொஸ் நிரல்களுக்குத் தேவையான 'மெய்நிகர் 8086' முறை கிடைக்காது. 2021 இல் வெளிவந்த விண்டோஸ் 11 க்கு 32 பிட் பதிப்பே இல்லை.

இது தமிழரையும் தொட்ட விடயம். மலேசியாவின் முத்து நெடுமாறன் 1985 இல் உருவாக்கிய 'முரசு' போன்ற தொடக்ககாலத் தமிழ் மென்பொருள்கள் டொஸில் இயங்கியவையே.

எங்கள் வீட்டிலும் இதன் விளைவைக் கண்டேன். உம்மம்மா சொல்லச் சொல்ல, வாப்பா பல தாலாட்டுகளை ஒரு பழைய டொஸ் மென்பொருளில் தட்டச்சுச் செய்து வைத்திருந்தார். உம்மம்மா மௌத்தான பின் அவற்றைத் தேடினோம். கோப்புகள் அப்படியே இருந்தன. புதிய கணினியோ அந்த மென்பொருளை இயக்க மறுத்தது. அக்காலத் தமிழ் மென்பொருள்கள் எழுத்துகளுக்குத் தத்தமக்கென எண்களை வைத்திருந்ததால், வேறெதில் திறந்தாலும் பொருளற்ற குறிகளே தெரிந்தன. கடைசியில் 'டொஸ்பொக்ஸ்' என்ற போன்மி கைகொடுத்தது. அது பழைய கணினியொன்றைப் புதிய கணினிக்குள் மென்பொருளாகவே உருவாக்கித் தருகிறது. திரையில் தோன்றிய தாலாட்டுகளைப் பார்த்து, ஒவ்வொன்றாக யுனிகோட்டில் தட்டச்சுச் செய்தேன்.

மென்பொருள் ஒரு செயலியையும் ஒரு முறைமையையும் நம்பி வாழ்கிறது. எழுத்து அப்படி வாழ வேண்டியதில்லை. 1991 முதல் யுனிகோட்டில் தமிழுக்கு இடமுண்டு. அதில் 'அ' என்ற எழுத்தின் எண் 2949. எந்தக் கணினியிலும் எந்தக் கைபேசியிலும் அதே எண்தான். இலங்கையிலும் தமிழ்க் குறியீட்டுக்கு எஸ்எல்எஸ் 1326 என்ற நியமம் 2008 இல் வந்தது. ஆயினும் பாமினி எழுத்துருவில் தட்டச்சுச் செய்யும் வழக்கம் இன்னும் விடவில்லை. அந்த எழுத்துரு இல்லாத கணினியில் நம் தமிழ் ஆங்கில எழுத்துகளாகச் சிதறித் தெரியும்.

ஆகவே மாணவிகளே, உங்கள் கவிதைகளையும் கட்டுரைகளையும் யுனிகோட்டிலேயே எழுதுங்கள். பெற்றோரே, பழைய கணினியை விற்கவோ வீசவோ முன்னர், அதில் தமிழில் எழுதியவை உண்டா என்று பாருங்கள். இருந்தால், அதைத் திறக்கும் மென்பொருள் இயங்கும்போதே யுனிகோட்டுக்கு மாற்றி, தாளிலும் ஒரு பிரதி எடுத்து வையுங்கள்.