கும்பகோணத்து அச்சுப்பொறியும் வீட்டுக் கைப்பேசியும்

கணிப்பொறி பயிலாத மாணவர்க்கும் இன்று இணையப் பாதுகாப்பு ஒரு பாடமாகிவிட்டது. இளநிலை, முதுநிலை வகுப்புகளுக்கென்றே பல்கலைக்கழக மானியக் குழு 2022 அக்டோபரில் தனிப் பாடத்திட்டம் வெளியிட்டது. அறிமுக வகுப்பிற்கு வந்தோரில் பலர், பிறர் கணிப்பொறிக்குள் புகும் வித்தையைக் கற்கப்போவதாக எண்ணியே வந்தனர். திரைப்படங்கள் செய்த வேலை அது! கிடைத்ததோ கடவுச்சொல், போலி மின்னஞ்சல், மீண்டும் கடவுச்சொல். பின்வரிசையில் கொட்டாவி மிகுந்தது. கும்பகோணம் வந்த பிறகே வகுப்பு நிமிர்ந்து உட்கார்ந்தது.

கும்பகோணத்தில் 1904-இல் தோன்றியது சிட்டி யூனியன் வங்கி. அயல்நாட்டு வங்கிகளுடன் பணக் கட்டளைகளைப் பரிமாற ஸ்விஃப்ட் என்னும் செய்தியமைப்பு உண்டு. அனுப்பும் கட்டளைகளுக்கான ஒப்புகை, வங்கியின் அச்சுப்பொறியில் அச்சாகி வரும். 2018 பிப்ரவரி 6 அன்று கணினிக்குள் புகுந்தோர் அந்த அச்சுப்பொறியை முடக்கினர். துபாய்க்கு 5 லட்சம் டாலர், துருக்கிக்கு 3 லட்சம் யூரோ, சீனாவுக்கு 10 லட்சம் டாலர் என மூன்று கட்டளைகள் பறந்தன. மறுநாள் காலை, வழக்கமான கணக்குச் சரிபார்ப்பில்தான் வங்கி அனுப்பாத அந்த மூன்றும் கண்ணில் பட்டன. துபாய்க்குச் செல்லவிருந்த தொகை நியூயார்க்கிலேயே தடுக்கப்பட்டுத் திரும்பியது.

இரண்டாண்டுகளுக்கு முன், 2016 பிப்ரவரியில், வங்காளதேச மத்திய வங்கியிலும் அச்சுப்பொறி இவ்வாறே நின்றிருந்தது. அங்கு வெளியேறியது 10 கோடியே 10 லட்சம் டாலர். அதில் இலங்கைக்குச் சென்ற 2 கோடி, பெறுநர் பெயரிலிருந்த ஓர் எழுத்துப்பிழையால் ஐயம் எழுந்து மீண்டது.

"காகிதம் தரும் பொறியை ஏன் முடக்க வேண்டும்?" என்று ஒரு மாணவி கேட்டாள். பூட்டை உடைப்பதைக் காட்டிலும், உடைந்ததை உரியவர் அறியாதிருப்பதே திருடனுக்கு முதல் தேவை என்றார் ஆசிரியர். பாடநூலின் பல பக்கங்கள் அந்த ஒரு விடையில் அடங்கின என்பது என் கருத்து.

ஆலங்காயத்திலும் ஜவ்வாது மலையூர்களிலும் உள்ள வீடுகளுக்கு வங்கிக் குறுஞ்செய்தியே அச்சுப்பொறி. பால் பணமும் அரசு உதவித்தொகையும் வரும் கணக்கில் எந்தக் கைப்பேசி எண் பதிவாகியுள்ளது என்று பார்த்துவரும்படி பயிற்சி தரப்பட்டது. ஒரு வீட்டில், ரீசார்ஜ் செய்யாமல் எப்போதோ செயலிழந்த எண். இன்னொன்றில், வெளியூருக்கு வேலைக்குப் போன அண்ணனுடையது. வேறொரு வீட்டில், விண்ணப்பம் பூர்த்தி செய்து கொடுத்த அயலாரின் எண்! சரியான எண் இருந்த வீடுகளிலும் செய்தி ஆங்கிலத்தில் வருகிறது. அதைப் படிக்கக்கூடியவரோ கல்லூரி முடிந்து மாலையில்தான் வீடு திரும்புகிறார்.

இதில் காலம் பெரிது. வங்கியும் வாடிக்கையாளரும் காரணமல்லாத மோசடியை, வங்கியின் செய்தி கிடைத்த 3 வேலை நாள்களுக்குள் தெரிவித்தால் இழப்பு வாடிக்கையாளரைச் சேராது என்றது ரிசர்வ் வங்கியின் 2017 ஜூலைச் சுற்றறிக்கை. ஒருவர் கடவுச்சொல்லைத் தாமே சொல்லிவிட்டாலோ, வங்கிக்கு அறிவிக்கும் வரையிலான இழப்பு அவருடையது. ஆகவே 1930 என்ற எண்ணைச் சுவரில் எழுதிவைத்த மாணவரும் உண்டு. வங்கி அட்டையின் இரகசிய எண்ணும் அதே சுவரில் இருந்தது வேறு கதை.

எண்ணை மாற்றக் கணக்கு உரியவர் பெரும்பாலும் கிளைக்கு நேரில் செல்ல நேர்கிறது. மலையூரிலிருந்து இறங்கி வருவோர்க்கு அது ஒரு நாள் கூலி. இப்பருவம் முடிவதற்குள் எங்கள் வகுப்பில் ஏழு பேர் வீட்டாரை அழைத்துச் சென்று மாற்றி வந்துள்ளனர்.